சடை பின்னத் தெரிந்தால் சுவெற்றரும் பின்னலாம்

இந்த நாட்டில் கழித்த முதலாவது குளிர்காலம் எங்கள் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். தடித்த ஜக்கற் வாங்க வேண்டும், பனிச்சப்பாத்து வாங்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தொப்பி, கையுறை, கழுத்துச் சால்வை எல்லாம் வாங்க வேண்டும். வாங்கிய கிழமையே ஒரு கையுறை பள்ளிக்கூடத்தில் தொலையும். மறுகிழமை தொப்பி தொலையும். திரும்பவும் கடைக்குப் போக வேண்டும். புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இந்தச் செலவு சிறியதல்ல. ஆகவே இவற்றை ஊசியும் நூலும் கொண்டு வீட்டிலேயே பின்னுவது பற்றி எங்களுக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம். குறிப்பாக, சுவெற்றரின் நடுவே சடைபோல ஓடுகின்ற பின்னல் வேலைப்பாட்டை நாமே யோசித்து உருவாக்குவது எப்படி என்று சொல்லப் போகிறோம்.

நாங்கள் என்று எழுதுவது ஐந்து பெண்களை. ஸ்காபரோவில் உணவுப் பொருட்கள் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ட் வேலை செய்கிறோம். ஐந்து பேரும் வன்னியில் இருந்து வந்தவர்கள். படிக்க வேண்டிய வயதில், 2008 இல் இடம்பெயரத் தொடங்கி 2009 மே மாதம் வரை ஓடிக்கொண்டே இருந்தோம். அதனால் எங்களில் நால்வர் சாதாரண தரத்தைத் தாண்டவில்லை. ஐந்தாவது ஆள் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எழுதிப் பழக்கமில்லாத நாங்கள் எழுதுவதில் பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கியது எப்படி?

எங்களோடு வேலை செய்தவர்களில் நியூபவுண்லாந்தைச் சேர்ந்த வயதான பெண்மணி ஒருவர் இருந்தார். 1986 ஆகஸ்ட் மாதம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கடலில் தத்தளித்த எம்மவர் 155 பேரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்களே, அதே நியூபவுண்லாந்துதான். ரீ குடிக்க விடும் பதினைந்து நிமிடத்திலும் அந்தப் பெண்மணி பையில் இருந்து ஊசியை எடுத்துப் பின்னத் தொடங்கிவிடுவார். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, ஒரு நாள் எங்களுக்கும் ஆளுக்கொரு சோடி ஊசி கொண்டுவந்து தந்தார்.

முதலில் பழக்கியது இரண்டே இரண்டு வகைக் கண்ணி. ஆங்கிலத்தில் நிற், பேர்ள் என்கிறார்கள். நாங்கள் நேர்க்கண்ணி, புறக்கண்ணி என்று பெயர் வைத்துக்கொண்டோம். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். நேர்க்கண்ணியைத் துணியின் பின்பக்கத்தில் இருந்து பார்த்தால் அது புறக்கண்ணி. உலகத்தில் உள்ள ஊசிப் பின்னல் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான் நடக்கிறது என்று அவர் சொன்னபோது எங்களுக்குப் பெரிய தைரியம் வந்தது. ஒரு மாதத்தில் ஆளுக்கொரு சால்வை பின்னி முடித்தோம்.

அதற்குப் பிறகுதான் ஆசை வந்தது. அவர் போட்டிருந்த பால்வெள்ளைச் சுவெற்றரில் முன்பக்கம் முழுக்கச் சடை சடையாகப் பின்னல் ஓடியது. அதைப் பழக்கச் சொல்லிக் கேட்டோம். அவர் ஒரு புத்தகத்தைத் தந்தார். திறந்து பார்த்தால் ஒரே எழுத்தும் இலக்கமும்தான். ஆங்கிலம் படித்தவர்களுக்கே விளங்காத சுருக்கெழுத்து. தட்டித் தடவி ஒன்பது கண்ணியில் ஒரு மாதிரி பின்னினோம். எவ்வளவு பின்னியும் சடை வரவில்லை. முறுக்கிக்கொண்டு வேறு எதுவோ வந்தது.

அதுவரை அருகில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா அதை வாங்கிப் பார்த்தார். "இஞ்ச பார் பிள்ளை, நீங்கள் ஒரே பக்கமா எல்லோ சுத்துறியள். ஒரே பக்கமாச் சுத்தினால் அது கயிறு. சடை எண்டால் ஒருக்கா வலம், ஒருக்கா இடம்" என்றார். சொல்லிவிட்டு எங்களில் ஒருத்தியின் தலைமயிரை மூன்றாகப் பிரித்துப் பின்னிக் காட்டினார். வலப்பக்கத்துக் கால் நடுவுக்கு வந்தது. பிறகு இடப்பக்கத்துக் கால் நடுவுக்கு வந்தது. எங்களுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. புத்தகத்தில் இரண்டு முறுக்குக்கும் ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். நாங்கள் அதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே மாதிரிச் செய்திருக்கிறோம்.

அக்கா 2009 க்குப் பிறகு யாருக்கும் தலை பின்னிவிட்டதில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முறுக்கு விழுவது எப்படி?

இடது ஊசியில் ஆறு கண்ணி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்றையும் பின்னாமல் ஒரு சிறிய துணை ஊசியில் எடுத்து முன்னால் தொங்க விடுங்கள். அடுத்த மூன்றையும் பின்னுங்கள். அதன் பிறகு துணை ஊசியில் உள்ள மூன்றையும் பின்னுங்கள். முன்னால் விட்ட மூன்றும் மற்ற மூன்றுக்கும் மேலாக ஏறி இடப்பக்கம் சாய்ந்து போகும். துணை ஊசியை முன்னால் விடாமல் பின்னால் விட்டால், மற்ற மூன்றும் மேலாக வந்து வலப்பக்கம் சாயும். முன்னால் விட்டால் இடம், பின்னால் விட்டால் வலம். இதை மனதில் பதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

துணை ஊசிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சீனச் சாப்பாட்டுக் கடையில் தருகிற குச்சியைப் பாதியாக முறித்து, நுனியை வழுவழுப்பாகத் தேய்த்து எடுத்தால் போதும். நாங்கள் இன்னும் அதைத்தான் பாவிக்கிறோம்.

இனி மூன்று கால் சடை. காலுக்கு மூன்று கண்ணியாக மொத்தம் ஒன்பது கண்ணி.

முதலாம் வரிசை: முதல் ஆறு கண்ணியில் ஒரு முறுக்கு, துணை ஊசி பின்னால். மிச்சம் மூன்றும் நேர்.

இரண்டாம், மூன்றாம், நான்காம் வரிசைகள்: முறுக்கு இல்லை. முன்பக்கம் வரும்போது நேர், பின்பக்கம் வரும்போது புறம்.

ஐந்தாம் வரிசை: முதல் மூன்றும் நேர். அடுத்த ஆறு கண்ணியில் ஒரு முறுக்கு, துணை ஊசி முன்னால்.

ஆறாம், ஏழாம், எட்டாம் வரிசைகள்: முறுக்கு இல்லை.

பிறகு முதலாம் வரிசையில் இருந்து திரும்பவும் தொடங்க வேண்டும். எட்டு வரிசைக்கு ஒருமுறை சடை தன்னைத் தானே திருப்பிச் சொல்லும். தலையில் சடை மேலிருந்து கீழே வருகிறது. ஊசியில் கீழிருந்து மேலே போகிறது. ஆகவே பின்னி முடித்ததைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பக்கத்துக் கால் நடுக்காலுக்கு மேலாக வருகின்ற, நாங்கள் அறிந்த அதே சடையைக் காண்பீர்கள்.

சுவெற்றர் சொன்ன கதை

அந்தப் பெண்மணியின் சுவெற்றருக்கு ஆரன் சுவெற்றர் என்று பெயர். அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையில், கோல்வே குடாக் கடலில் ஆரன் தீவுகள் என்று மூன்று சிறிய தீவுகள் உண்டு. அந்தத் தீவுப் பெண்கள் பின்னியது. அவர் அதைப் பற்றி ஒரு கதை சொன்னார். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிப் பின்னல் இருக்குமாம். கடலுக்குப் போனவர் இறந்து, உடல் எங்கேயாவது கரை ஒதுங்கினால், முகம் தெரியாமல் போனாலும் சுவெற்றரின் பின்னலைப் பார்த்து இன்னாருடைய மகன் என்று கண்டுபிடிப்பார்களாம்.

அவர் அதை ஒரு பழங்கதையாகச் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. சட்டையைப் பார்த்தும் செருப்பைப் பார்த்தும் ஆளை அடையாளம் கண்டவர்கள் அந்த மேசையிலேயே இருந்தார்கள். அக்கா எழுந்து போய்க் கோப்பை கழுவினார். அதன் பிறகு இரண்டு கிழமை அவர் ஊசியைத் தொடவில்லை. எங்களுக்கும் மனம் வரவில்லை.

ஆனாலும் இந்தக் கதை உண்மைதானா என்று அறிய வேண்டும் போல இருந்தது. ரொறன்ரோ பொது நூலகத்தில் பின்னல் பற்றிய புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. எங்களில் ஒருத்தியின் மகள் எட்டாம் வகுப்பு. அந்தப் பிள்ளை வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. குடும்பத்துக்கு ஒரு பின்னல் என்பது உண்மையான வழக்கம் அல்ல.

1904 இல் ஜோன் மில்லிங்டன் சிங் என்ற அயர்லாந்து எழுத்தாளரின் நாடகம் ஒன்று மேடையேறியது. அதில் கடலில் இறந்த ஒருவரை அவருடைய தங்கை அடையாளம் காண்கிறாள். சுவெற்றரைப் பார்த்து அல்ல, தான் பின்னிக் கொடுத்த காலுறையில் கண்ணிகளை எண்ணிப் பார்த்து. இதுவே பின்னாளில் குடும்பப் பின்னல் கதைக்கு வித்தானது என்கிறார்கள். பிறகு ஒக்ஸ்போர்ட் நகரில் நூல் கடை வைத்திருந்த ஹைன்ஸ் கீவ என்பவர் 1936 இல் டப்ளினில் ஒரு சுவெற்றரைக் கண்டார். இந்தப் பின்னல்கள் பல நூற்றாண்டு பழமையானவை, ஒவ்வொன்றுக்கும் இரகசியப் பொருள் உண்டு என்று எழுதிப் பரப்பினார். 1987 இல் றிச்சர்ட் றட் என்ற ஆங்கிலப் பாதிரியார் கைப்பின்னலின் வரலாறு பற்றி எழுதிய நூலில் இவற்றுக்கு ஆதாரமில்லை என்று காட்டினார்.

அப்படியானால் உண்மை என்ன? அந்தத் தீவுகள் மிகவும் வறிய இடம். மண்ணே இல்லாத பாறை நிலம். கடற்பாசியையும் மணலையும் பாறைமேல் பரப்பித்தான் பயிர் செய்தார்கள். மேற்கு அயர்லாந்தின் வறுமையைப் போக்கவென்று 1891 இல் அரசாங்கம் ஒரு சபையை அமைத்தது. அது மீன்பிடியையும் குடிசைக் கைத்தொழிலையும் ஊக்குவித்தது. ஏறக்குறைய அந்தக் காலத்தை ஒட்டித்தான், மீனவர்கள் போட்ட சாதாரண கம்பளிச் சட்டையில் இருந்து தொடங்கி, அந்தப் பெண்கள் தங்கள் யோசனையில் சடையும் முறுக்கும் சேர்த்து இந்தச் சுவெற்றரை உண்டாக்கினார்கள். 1930 இல் மியூரியல் கான் என்ற பெண்மணி டப்ளினில் கடை திறந்து, கிராமத்துப் பெண்களின் கைவேலைகளை விற்றுக் கொடுத்தார். 1961 இல் கிளான்சி சகோதரர்கள் என்ற பாடகர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தச் சுவெற்றரோடு தோன்றினார்கள். அதன் பிறகு உலகமெல்லாம் கேட்டு வாங்கத் தொடங்கியது.

இவ்வளவும் கேட்ட பிறகு அக்கா கேட்டது ஒரே கேள்வி. "அப்ப இது பரம்பரை இரகசியம் ஒண்டும் இல்லை. கஷ்டப்பட்ட சனம் தாங்களே யோசிச்சுச் செய்தது. அப்பிடித்தானே?" ஓம் என்றோம். "அப்ப நாங்களும் செய்யலாம்" என்றார்.

இந்த நாட்டிலேயே அதற்கு உதாரணம் உண்டு. வன்கூவர் தீவில் வாழும் கரையோர சேலிஷ் பூர்வகுடிப் பெண்கள் நெசவில் கைதேர்ந்தவர்கள். வெள்ளைக்காரர் வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டில் ஊசிப் பின்னலைப் பழகினார்கள். பழகியதை அப்படியே திருப்பிச் செய்யவில்லை. தங்கள் சொந்த உருவங்களைப் போட்டு கவிச்சன் சுவெற்றர் என்ற தனி வகையையே உண்டாக்கினார்கள்.

அயர்லாந்துக்காரரும் எங்கள் ரொறன்ரோவும்

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அயர்லாந்துக்காரரும் எங்களைப் போல இந்த நகரத்துக்கு அகதியாக வந்தவர்கள்தான். 1847 இல் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, அந்த ஒரே ஆண்டில் 38,000 க்கும் மேற்பட்டோர் ரொறன்ரோத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு நகரத்தின் சனத்தொகையே ஏறக்குறைய 20,000 தான். கப்பலிலேயே காய்ச்சல் பரவி, வந்தவர்களில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இங்கே இறந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போன வைத்தியரும் தாதியரும்கூட இறந்தார்கள். பாதர்ஸ்ட் வீதி ஏரியைச் சந்திக்கும் இடத்தில் 2007 இல் அவர்களுக்காக அயர்லாந்துப் பூங்கா திறக்கப்பட்டது. மெலிந்த உருவத்தில் ஐந்து வெண்கலச் சிலைகள் அங்கே நகரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இறந்தவர்களின் பெயர்கள் கற்சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த மக்கள் வந்தபோது ஆரன் சுவெற்றர் இருக்கவில்லை. அது பிற்காலத்தது. ஆனாலும் சுவெற்றரின் கதை தெரிந்த பிறகு, நாங்கள் ஒரு கோடை ஞாயிறு பிள்ளைகளோடு அங்கே போய்ப் பார்த்தோம். நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நாமே உருவாக்கும் முறை

இனி வேலைக்கு வருவோம். சொந்தமாக ஒரு பின்னலை உருவாக்க நாங்கள் கைக்கொள்ளும் முறை இதுதான்.

முதலாவது, சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பி ஒன்று எடுங்கள். ஒரு சதுரம் ஒரு கண்ணி. ஒரு வரிசைச் சதுரம் ஒரு வரிசைப் பின்னல். கீழிருந்து மேலே வரையுங்கள். முறுக்கு வரும் இடத்தில், மேலே போகும் கால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஒரு சாய்கோடு போடுங்கள். சுருக்கெழுத்து ஒன்றும் வேண்டாம். ஒன்றை நினைவில் வையுங்கள். பின்னலில் ஒரு கண்ணி அகலம் கூடியது, உயரம் குறைந்தது. ஆகவே கொப்பியில் நீளமாகத் தெரியும் படம் பின்னியதும் கொஞ்சம் குட்டையாக வரும்.

இரண்டாவது, எத்தனை கால் என்று தீர்மானியுங்கள். காலுக்கு மூன்று கண்ணி என்றால் மூன்று காலுக்கு 9, நாலு காலுக்கு 12, ஐந்து காலுக்கு 15. ஐந்து கால் சடைக்கு, ஒரு முறுக்கு வரிசையில் முதலாம் இரண்டாம் கால்களையும், மூன்றாம் நான்காம் கால்களையும் மாற்றுங்கள். ஐந்தாவது சும்மா இருக்கட்டும். அடுத்த முறுக்கு வரிசையில் முதலாவது சும்மா இருக்க, இரண்டாம் மூன்றாம் கால்களையும், நான்காம் ஐந்தாம் கால்களையும் மாற்றுங்கள். முதல் வகை வரிசையில் எப்போதும் துணை ஊசி பின்னால். இரண்டாம் வகை வரிசையில் எப்போதும் முன்னால். இப்படிச் செய்தால் ஒவ்வொரு காலும் ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே போய் வரும். பனையோலையில் பாயும் பெட்டியும் இழைத்தவர்களுக்கு இதை நாங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாவது, முறுக்குக்கு முறுக்கு எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். நாலு வரிசைக்கு ஒன்று என்றால் நல்ல சடை. இரண்டு வரிசைக்கு ஒன்று என்றால் இறுகித் தடித்து விறைப்பாக வரும். ஆறு வரிசைக்கு ஒன்று என்றால் தளர்ந்த பின்னல். ஒரு முறுக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டால் சடை அந்த இடத்தில் விரிந்து, திரும்பவும் சேரும். எங்கே இறுக்குவது, எங்கே விரிப்பது என்பதில்தான் உங்கள் சொந்தக் கற்பனை இருக்கிறது.

நான்காவது, சடையின் இரண்டு பக்கமும் முன்பக்கத்தில் இரண்டு புறக்கண்ணி வையுங்கள். புறக்கண்ணி உள்ளே பதிந்து போக, சடை மேலே எழும்பித் தெரியும். கறுப்பு, கடும் நீலம் போன்ற நிறங்களில் பின்னல் தெரியாமல் மறைந்துவிடும். வெளிறிய நிறத்தில், உரோமம் இல்லாத வழுவழுப்பான நூல் எடுங்கள். ஆரன் சுவெற்றர் சாயம் போடாத பால்வெள்ளையில் இருப்பதன் பயன் இதுதான்.

ஐந்தாவது மிக முக்கியம். முறுக்கு விழ விழத் துணி உள்ளே சுருங்கும். இது தெரியாமல் எங்களில் ஒருத்தி தன் கணவருக்குச் சுவெற்றர் பின்னினார். வெறும் பின்னலில் 40 கண்ணி 8 அங்குலம் வந்தது. அந்தக் கணக்கில் நெஞ்சு முழுக்கச் சடை போட்டார். சடை வந்த இடத்தில் அதே 40 கண்ணி ஆறரை அங்குலம்தான் வந்தது. இரண்டு மாத வேலை. மனுசனுக்குத் தலைக்குள்ளால் போகவில்லை, மகன் போட்டுக்கொண்டு திரிந்தான். ஆகவே எதைப் பின்னுவதென்றாலும், முதலில் அதே நூலில் அதே சடையை ஆறு அங்குலச் சதுரமாகப் பின்னி, கழுவிக் காயவைத்து அளந்து பாருங்கள். அதன் பிறகு கண்ணிக் கணக்குப் போடுங்கள். பதறாத காரியம் சிதறாது.

ஆறாவது, பிழை வந்தால் பயப்படாதீர்கள். ஊரில் பின்னல் கோலாட்டம் ஆடியவர்களுக்குத் தெரியும். வந்த வழியே திரும்பி ஆடினால் கயிறு தானாகக் குலையும். இதுவும் அப்படித்தான். ஒரு முறுக்கு மாறி விழுந்திருந்தால் அந்த ஆறு கண்ணியை மட்டும் கீழே அந்த இடம் வரை குலைத்து, சரியாக மாற்றித் திரும்ப ஏற்றலாம். முழுத் துணியையும் உருவத் தேவையில்லை.

தொடங்குவதற்கு ஒரு காதுப்பட்டி

முதல் வேலையாகக் காதுப்பட்டி பின்னுங்கள். இரண்டு மாலையில் முடிந்துவிடும். நூல் சுற்றிவரும் தாளில் 4 என்ற இலக்கம் போட்ட நடுத்தர நூலும் 5 மில்லிமீற்றர் ஊசியும் போதும். 17 கண்ணி போடுங்கள். ஓரத்துக்கு 2 நேர், பிறகு 2 புறம், நடுவில் சடைக்கு 9, பிறகு 2 புறம், ஓரத்துக்கு 2 நேர். பின்பக்கம் வரும்போது சடையின் 9 கண்ணியும் புறம், மற்றவை எல்லாம் நேர். மேலே சொன்ன எட்டு வரிசையைத் திருப்பித் திருப்பிப் பின்னுங்கள். தலையைச் சுற்றி அளந்து, அதைவிட 2 அங்குலம் குறைவாக வந்ததும் முடித்து, இரண்டு நுனியையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். 100 கிராம் நூலில் இரண்டு பட்டி வரும்.

பிள்ளைகளின் உடுப்புக்கு அக்ரிலிக் நூல் நல்லது. விலை குறைவு, மிசினில் போட்டுக் கழுவலாம். அசல் கம்பளியைச் சுடுநீரில் போட்டால் சுருங்கிப் போய்விடும். பழைய உடுப்புக் கடைகளில் சுவெற்றர் வாங்கி உருவியும் நூல் எடுக்கலாம். ஆனால் வாங்க முன்னர் உள்பக்கத் தையலைப் பாருங்கள். துணியை வெட்டி, ஓரத்தை மிசினில் அடித்துத் தைத்ததாக இருந்தால் நூல் துண்டு துண்டாகத்தான் வரும். நூலகத்தில் அங்கத்துவம் இலவசம். சில கிளைகளில் பின்னல் பழகுபவர்கள் கூடுகிறார்கள். உங்கள் பகுதியில் விசாரித்துப் பாருங்கள்.

பகல் முழுக்க நாலு சுவருக்குள் தனியே இருக்கும் அம்மம்மாமாரும் மாமிமாரும் எங்கள் வீடுகளில் பலர். அவர்களுக்குப் பாஷை தெரியாது, பஸ் தெரியாது. ஆனால் கிடுகு பின்னிய கை, பெட்டி இழைத்த கை. ஒரு சோடி ஊசியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

அடையாளம்

இப்போது எங்கள் ஐந்து வீட்டிலும் ஐந்து விதமான பின்னல் இருக்கிறது. ஒருத்தி மூன்று முறுக்குக்கு ஒன்றை விட்டுச் சடையை விரிப்பார். இன்னொருத்திக்கு நாலு பிள்ளைகள், அதனால் நாலு கால். ஒன்று இரண்டு மெல்லிய சடைக்கு நடுவே ஒரு கயிறு. ஆம், முதலில் பிழையாக வந்ததே, அதே கயிறுதான். இப்போது தெரிந்துகொண்டு போடுகிறோம்.

அக்காவுடையது ஐந்து கால் சடை. அவருக்கு வன்னியில் ஒரு மகள் இருந்தாள். பதினான்கு வயது, நீளமான தலைமயிர். இதைத் தவிர வேறு எதையும் அவர் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சென்ற மார்கழியில் மகனுடைய பிள்ளைக்குத் தொப்பி பின்னினார். பேத்திக்கு ஆறு வயது. தொப்பி முடிந்த அன்று காலையில், முதற்தடவையாகத் தானே பேத்தியின் தலையை இழுத்துப் பின்னிவிட்டு, அதற்கு மேலே தொப்பியைப் போட்டு அனுப்பினார்.

அன்று வேலை முடிந்து நாங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடும் நிற ஜக்கற், முகம் பாதி மூடியிருக்கும். வழமையாக எங்கள் பிள்ளை எது என்று தேடிக் கூப்பிட வேண்டும். அக்கா தேடவில்லை. தூரத்திலேயே கையை நீட்டி, "அந்தா வாறாள்" என்றார்.

அந்தத் தீவுக் கதையில் இறந்தவரைக் கண்டுபிடிக்கப் பின்னல் வேண்டியிருந்தது. எங்களுக்கு அது உயிரோடு ஓடி வரும் பிள்ளையைக் கண்டுபிடிக்க உதவுகிறது. இந்தக் குளிருக்கு நீங்களும் உங்கள் வீட்டுக்கென்று ஒரு பின்னலைக் கொப்பியில் வரைந்து பின்னிப் பாருங்கள். அடுத்த வீட்டாருக்கும் பழக்குங்கள். கற்கும்போது ஏதாவது விளங்காவிட்டால், மூன்று கால் எடுத்து ஒரு சடை பின்னிப் பாருங்கள், விளங்கிவிடும்.